கோடாக்ஸ் டிடி600: துளிப் படத்துக்கு இது போதுமா?

தண்ணீர்த்துளி படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். 1/8000 ஷட்டர் இருக்கிற பாடி வேண்டுமா, நொடிக்கு இருபது படம் எடுக்கிற பாடி வேண்டுமா என்று. இரண்டும் வேண்டாம். பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் போதும். துளியை நிறுத்திப் பிடிப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். அதுவும் பளீரென்று முழு பவரில் அடிக்கிற ஃபிளாஷ் இல்லை. ஆகக் குறைந்த பவரில் சட்டென்று எரிந்து அணைகிற ஃபிளாஷ். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கோடாக்ஸ் டிடி600 (TT600) ஃபிளாஷ் எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. கல்யாண ரிசப்ஷனுக்கு இது எப்படி என்று கேட்டால் பதில் வேறு.

கணக்கைப் பார்த்துவிடலாம். 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி, தட்டிலிருக்கும் தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வரும். ஷட்டர் 1/200 திறந்திருக்கும் நேரத்தில் அது 14 மி.மீ. கீழே வந்துவிடும். படத்தில் துளி இருக்காது, கோடுதான் இருக்கும். 1/4000 வைத்தாலும் 0.7 மி.மீ. இழுபடும். டிடி600-இன் மிகக் குறுகிய எரியும் நேரமாக கோடாக்ஸ் சொல்வது 1/20,000 நொடி. ஆகக் குறைந்த 1/128 பவரில் கிடைப்பது அது. அதற்குள் துளி நகர்வது 0.14 மி.மீ.

அதுவும் பூஜ்யம் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேக்ரோ லென்ஸில் பாதி உருப்பெருக்கம் வைத்தால் சென்சாரில் 0.07 மி.மீ.; 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் கிட்டத்தட்ட 18 பிக்சல். விழுந்துகொண்டிருக்கும் துளியை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் மேலும் கீழும் ஓரம் மழுங்கித் தெரியும். ஆனால் நாம் வாய்பிளந்து பார்க்கிற படங்கள் விழும் துளியினுடையவை இல்லை. முதல் துளி உண்டாக்கின பள்ளம் மூடும்போது நடுவிலிருந்து ஒரு தூண் எழும். வொர்திங்டன் தூண் என்பார்கள். அது உச்சிக்குப் போனதும் ஒரு கணம் தயங்கும், அந்த நேரம் பார்த்து இரண்டாவது துளி அதன் தலையில் விழுந்து குடையாக விரியும். உச்சியில் தூணுக்கு வேகமே இல்லை. விரிகிற குடையையும் 1/20,000 பிடித்துவிடும். விழும் துளி மட்டுமே பிக்சல் பிசகாமல் வேண்டும் என்பவருக்கு இந்த வகை ஃபிளாஷ் எதுவுமே போதாது.

டிடி600 முழுக்க மேனுவல். டிடிஎல் (கேமராவே வெளிச்சத்தை அளந்து பவரை வைப்பது) கிடையாது, அடிச்சட்டத்தில் நடுமுள் ஒன்று மட்டும்தான். பவர் 1/1-இலிருந்து 1/128 வரை, மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகரும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). கம்பியில்லாமல் சைகை வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து எரிகிற எஸ்1, எஸ்2 மோடுகள் உண்டு. ஒயர் வழியாக எரிய வைக்கப் பக்கவாட்டில் 2.5 மி.மீ. சின்க் துளை. துளிப் படத்துக்குத் தேவையான அத்தனையும் இந்தப் பட்டியலில் அடங்கிவிட்டது. டிடிஎல்லுக்காக இரண்டு மடங்கு கொடுத்து அடுத்த மாடலை வாங்கினால், இந்த மேசையில் அந்த வசதியை அணைத்துத்தான் வைத்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சோனி பாடிக்கு டிடி600எஸ் என்று தனி மாடல். ஃபிளாஷைக் கேமரா தலையில் மாட்டப்போவதில்லை என்றால் அந்தக் கவலையும் இல்லை.

பணம் செலவழித்தும் படத்தைக் கெடுத்துக்கொள்ள இதில் ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ப்ரோ மாதிரி கோடாக்ஸ் டிரிகரை (ஃபிளாஷைக் கம்பியில்லாமல் எரிய வைக்கும் கருவி) கேமராவில் மாட்டினால் டிடி600 ஹைஸ்பீட் சின்க்கும் (எச்எஸ்எஸ், வழக்கத்தைவிட வேகமான ஷட்டரோடு சேர்ந்து எரிவது) செய்யும். பெயரில் ‘ஹைஸ்பீட்’ இருப்பதைப் பார்த்து ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்த மோடில் ஃபிளாஷ் ஒரே மின்னலாக அடிக்காது. ஷட்டரின் இடுக்கு சென்சாரைக் கடக்கும் நேரம் முழுக்கத் துடித்துத் துடித்து எரியும். அப்போது துளியை நிறுத்துவது மறுபடியும் ஷட்டர்தான்: 1/2000 என்றால் 1.4 மி.மீ. இழுபாடு. வெளிச்சமும் பாதிக்கு மேல் போய்விடும். டிரிகரில் எச்எஸ்எஸ்-ஐ அணைத்துவிட்டு, ஷட்டரை 1/160-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 1/250-இல் சில பாடிகளில் படத்தின் அடியில் கறுப்புப் பட்டை விழும், 1/160-இல் விழாது.

ஒன்று வாங்குவதா, இரண்டா?

இரண்டு. காரணம் பவர் பட்டனில் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்று 1/128-இலிருந்து 1/32-க்கு ஏற்றினால் எரியும் நேரமும் கூடவே நீளும். படம் பளிச்சென்று வரும், துளி மழுங்கும். இரண்டு ஃபிளாஷை 1/128-இலேயே வைத்தால் 1/64-இன் வெளிச்சம் கிடைக்கும், நேரமோ 1/128-இன் நேரம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதையும் தோராயமாகப் போட்டுவிடலாம். கைட் நம்பர் என்பது ஃபிளாஷின் வெளிச்ச அளவு, மீட்டரில் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் வருவது. டிடி600-இன் 60 என்பது ஐஎஸ்ஓ 100-இல், ஜூம் 200 மி.மீ.-இல், முழு பவரில். 1/128-இல் அது 5.3 ஆகும், ஐஎஸ்ஓ 400 வைத்தால் 10.6. எஃப் 16-இல் 30 செ.மீ. தூரத்துக்குத் தேவை 4.8. ஆக, கையில் இரண்டேகால் ஸ்டாப் மிச்சம். பால்வெள்ளை அக்ரிலிக் ஒன்றரை ஸ்டாப்பாவது தின்னும். பாதி உருப்பெருக்கத்துக்கு லென்ஸை நீட்டியதில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் போகும். கூட்டிக் கழித்தால் ஒற்றை ஃபிளாஷ் விளிம்பில் நிற்கிறது. கலர் தாள் ஒன்றை முன்னால் ஒட்டினால் கவிழ்ந்துவிடும். இவ்வளவு நெருக்கத்தில் கைட் நம்பர் கணக்கு அப்படியே ஒத்துவராது என்றாலும், இரண்டு ஏன் வேண்டும் என்பது இதிலேயே தெரியும். இரண்டுக்கும் பவர் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்று 1/128, இன்னொன்று 1/16 என்று வைத்தால் கூர்மையான துளியைச் சுற்றி மங்கலாக ஒரு நிழல்துளி ஒட்டிக்கொண்டு வரும். கேமரா ஆடிவிட்டது என்று பலர் ட்ரைபாடைத் திட்டுவது இதனால்தான்.

இரண்டாவது ஃபிளாஷுக்கு டிரிகர்கூட வேண்டாம். எஸ்1-இல் வைத்தால் முதலாவதைப் பார்த்து எரிந்துவிடும். கேமராவின் சொந்த பாப்-அப் ஃபிளாஷை வைத்து இரண்டையும் தட்டி எழுப்புவதானால் மட்டும் கவனம்: பாப்-அப் டிடிஎல்லில் இருந்தால் படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்ட வெளிச்சம் அடிக்கும், எஸ்1 அதற்கே எரிந்து தீர்ந்துவிடும். பாப்-அப்பை மேனுவலில் ஆகக் குறைந்த பவருக்கு இறக்குங்கள். அந்த வசதி இல்லாத பாடி என்றால் ஃபிளாஷை எஸ்2-வுக்கு மாற்றுங்கள், அது வெள்ளோட்டத்தை விட்டுவிட்டு எரியும். பாப்-அப்பின் வெளிச்சம் துளிமேல் படாமல் ஒரு அட்டையை வளைத்து மறைத்துவிடுங்கள்.

மேசைமேல் ஃபிளாஷ் எங்கே உட்கார வேண்டும்? துளிக்குப் பின்னால், கேமராவைப் பார்த்தபடி. நடுவில் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். ஏ3 அளவு போதும். பெயர்ப்பலகை செய்கிற கடையில் வெட்டித் தருவார்கள். அது கிடைக்கவில்லையென்றால் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு. ஃபிளாஷிலிருந்து அக்ரிலிக் 15 முதல் 20 செ.மீ., அக்ரிலிக்கிலிருந்து துளி 15 செ.மீ. ஃபிளாஷ் ஜூமை 50 மி.மீ.-க்குத் தள்ளினால் பின்புலம் சமமாக வெளுக்கும். 200-இல் விட்டால் நடுவில் சூரியன் மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டத்தை வேண்டுமென்றே வைத்து, துளிக்குள் தலைகீழாகத் தெரிய விடுகிறவர்களும் உண்டு. ஃபிளாஷை நேரே துளிமேல் அடித்தால் துளி ஒவ்வொன்றிலும் வெள்ளைச் செவ்வகமாக ஃபிளாஷின் முகம் தெரியும். அழிக்கவும் முடியாது. கலருக்கு ஸ்டேஷனரிக் கடைக் கண்ணாடித் தாளே போதும், நீலம் ஒரு பக்கம் ஆரஞ்சு ஒரு பக்கம் என்று அக்ரிலிக்கின் பின்னால் ஒட்டுங்கள். குறைந்த பவரில் இந்த வகை ஃபிளாஷ்களின் வெளிச்சம் சற்று நீலம் பாரிக்கும். வெள்ளை பின்புலத்தில் உறுத்தினால் வொயிட் பேலன்ஸை 5600 கெல்வினுக்கு மேலே கொஞ்சம் ஏற்றுங்கள்.

தட்டு கறுப்பாக இருக்கட்டும், விளிம்பு வரை தளும்ப நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் முன் விளிம்பு படத்துக்குள் வந்து நிற்கும். தூண் வேண்டுமென்றால் 4, 5 செ.மீ. ஆழமாவது வேண்டும். கிரீடம் வேண்டுமென்றால் அதற்கு நேர் எதிர்: மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய படலம் போதும், துளி அதில் அடித்ததும் சுற்றிலும் முத்து கோத்த மாதிரி எழும்பும். எம்ஐடியில் ஹரால்ட் எட்ஜர்டன் 1957-இல் எடுத்த பால்துளிக் கிரீடம் உலகம் அறிந்த படம். அதற்கும் ஆதாரம் இதே தந்திரம்தான், கண நேரம் எரியும் விளக்கு.

ஃபோகஸ் மேனுவலில்தான். துளி விழுகிற இடத்தில் தட்டின் குறுக்கே ஸ்கேலை வைத்து, அதன்மேல் ஒரு திருகை நிறுத்தி, துளி ஒன்று அந்தத் திருகின் தலையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள். பாதி உருப்பெருக்கத்தில் எஃப் 16-இல் கூர்மை கிடைக்கிற ஆழம் 4 மி.மீ.-க்குள். சீலிங் ஃபேன் ஓடினால் துளி அந்த 4 மி.மீ.-இல் விழாது. மே மாதத்திலும் ஃபேனை அணைத்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

துளியை யார் போடுவது?

முதல் வாரத்துக்கு மருந்துக்கடை ஐ.வி. செட்டே போதும். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் முனையை ஸ்டாண்டில் செங்குத்தாகக் கட்டி, குழாயை அழுத்தும் உருளையை நகர்த்தினால் துளி சொட்டும். சாதா செட்டின் சொட்டு அறைக்குள் 20 துளி ஒரு மில்லி. நாம் பயன்படுத்துவது மறுமுனை என்பதால் அளவு கொஞ்சம் மாறும். உருளையை ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். அழுத்தின பிளாஸ்டிக் குழாய் மெல்ல மெல்ல இளகும், பாட்டிலில் மட்டமும் இறங்கும். கால் மணி நேரத்தில் சொட்டும் வேகம் வேறாகிவிடும்.

இந்த முறையில் டிரிகர் உங்கள் விரல்தான், அது நினைப்பதைவிட நன்றாகவே ஒத்துழைக்கும். 40 செ.மீ. விழ 0.29 நொடி. துளி முனையை விட்டுக் கழல்வதைப் பார்த்து விரல் அழுத்த 0.2 நொடி ஆகும், பாடியின் ஷட்டர் தாமதம் 0.05-இலிருந்து 0.1 வரை. இரண்டும் சேர்ந்தால் துளி தண்ணீரைத் தொடும் நேரத்துக்கு வந்து நிற்கிறது. தூண் வேண்டுமா? முனையை 25 செ.மீ.-க்கு இறக்குங்கள். விழும் நேரம் 0.23 நொடியாகக் குறையும், அதே விரல் வேகம் இப்போது தூணைப் பிடிக்கும். டிடி600 குறைந்த பவரில் 0.1 நொடியில் மறுபடி தயாராகிவிடுவதால் பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம்) வைத்தும் அடிக்கலாம், ஆனால் ஒரு துளிக்கு ஒரு அழுத்தம் என்பதே அதிகம் தேறும். ஒவ்வொரு துளிக்கும் இடையில் அலை அடங்கப் பத்து நொடியாவது விடுங்கள்.

இரண்டு துளி மோத வேண்டுமென்றால் விரல் போதாது. சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரம் கொடுத்தால் திறக்கும் வால்வு வேண்டும். இங்கேதான் பலர் முதல் பணத்தைத் தொலைக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அரை அங்குல 12 வோல்ட் பிளாஸ்டிக் வால்வு பார்க்க அழகாக இருக்கும், மேசைமேல் வேலை செய்யாது. அது திறக்கக் குறைந்தது 0.02 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். அதாவது இரண்டு மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். அரை அடி உயர பாட்டிலை மாட்டிவிட்டு ‘டக், டக்’ என்று சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லையே என்று தலையைச் சொறிவதற்குக் காரணம் அதுதான். வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு உதிரியாக விற்கும் கால் அங்குல 24 வோல்ட் வால்வைப் பாருங்கள். வாங்கும்முன் கடையிலேயே கரண்ட் கொடுக்கச் சொல்லி, வாயால் மெல்ல ஊதுங்கள். தடையில்லாமல் காற்று போனால் எடுத்துக்கொள்ளலாம்.

வால்வை ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு போர்டு) கொண்டு திறக்கிறவர்கள் ரிலே போர்டைத் தவிர்க்க வேண்டும். ரிலேயின் தகடு சேரச் சில மில்லிசெகண்ட் ஆகும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. நாமோ 5 மில்லிசெகண்டுக்குச் சண்டை போடுகிறோம். ரிலேக்குப் பதில் மின்னணு ஸ்விட்சாக ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் ஒன்று, வால்வின் இரு முனைக்கும் குறுக்கே எதிர்த்திசையில் 1என்4007 டயோடு ஒன்று. டயோடை விட்டுவிட்டால் வால்வு அணையும்போது எழும் அதிக மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். ஃபிளாஷின் 2.5 மி.மீ. துளைக்குப் பிசி817 ஆப்டோகப்ளர் (இரண்டு பக்க மின்சாரமும் தொடாமல் வெளிச்சத்தால் சைகை கடத்தும் சில்லு) வழியாகப் போங்கள், ஆர்டுயினோவின் பின்னை (முனையை) நேரே கொடுக்காதீர்கள்.

டிடி600-இன் இந்தச் சின்க் துளைதான் முழு ஏற்பாட்டையும் எளிதாக்குகிறது. அறையை நன்றாக இருட்டாக்கி, கேமராவின் ஷட்டரை 2 நொடி திறந்து வையுங்கள். ஆர்டுயினோ வால்வைத் திறக்கும், எண்ணும், ஃபிளாஷை அடிக்கும். கேமராவுக்கு ஒயரே கிடையாது. அதன் ஷட்டர் தாமதம் கணக்கிலேயே வராது. ரவுட்டரின் பச்சை விளக்கு, மொபைல் சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் மூடுங்கள், 2 நொடியில் அவை தட்டுத் தண்ணீரில் புள்ளியாக வந்து உட்காரும்.

40 செ.மீ. உயரத்துக்குத் தொடக்க எண்கள்: முதல் துளிக்கு 35 மில்லிசெகண்ட் திறப்பு, 90 இடைவெளி, இரண்டாவதுக்கு 35, முதல் திறப்பிலிருந்து 420 மில்லிசெகண்டில் ஃபிளாஷ். அங்கிருந்து ஃபிளாஷ் எண்ணை மட்டும் ஐந்தைந்தாகக் கூட்டிப் பாருங்கள். தூண் ஏற்கனவே சரிந்துகொண்டிருக்கும்போது துளி வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். துளியோடு கூடவே குட்டித் துளிகள் சிதறி வந்தால் திறப்பு நேரம் அதிகம். ஒரே நேரத்தில் இரண்டு எண்ணை மாற்றாதீர்கள். நேற்று வந்த எண் இன்று வராவிட்டால் பாட்டில் மட்டத்தைப் பாருங்கள். மூடியில் துளை போட்டு ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் முக்கால் ஆழம் இறக்கி, சுற்றிலும் பசை வைத்து அடைத்துவிட்டால் மட்டம் ஸ்ட்ரா நுனிக்கு இறங்கும்வரை அழுத்தம் மாறாது.

வெறும் தண்ணீரில் தூண் சீக்கிரம் உடைந்து சிதறும். கேக் சாமான் கடையில் கிடைக்கும் சாந்தன் கம் லிட்டருக்கு 1 முதல் 1.5 கிராம் சேர்த்தால் குடை வழுவழுப்பாக, ஓரம் கிழியாமல் விரியும். பொடியை அப்படியே தண்ணீரில் கொட்டினால் கட்டிதட்டும். ஒரு ஸ்பூன் கிளிசரினில் குழைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாத ஒரு சிறு கட்டி போதும், வால்வு பாதி திறந்தபடி ஒழுகத் தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் வால்வில் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவாமல் போனால் மறுநாள் அது திறக்காது.

இனி டிடி600-இன் குறைகள். நாலு ஏஏ பேட்டரி. லித்தியம் பேக் கிடையாது. 1/128-இல் பேட்டரி அதிகம் தின்னாது என்பதால் துளிப் படத்துக்கு இது பெரிய குறை இல்லை, ஆனால் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற சாதா பேட்டரியைப் போடாதீர்கள். 2000 எம்ஏஎச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா விட்டால் ஃபிளாஷ் தானே தூங்கிவிடும் பழக்கம் எரிச்சலூட்டும்: நீங்கள் ஃபோகஸ் சரிசெய்து, தட்டைத் துடைத்து, அலை அடங்கக் காத்திருந்து அடிக்கும்போது படம் கறுப்பாக வரும். ஜூம் பட்டனை அழுத்திப் பிடித்து உள்ளமைப்புக்குள் போய் ஸ்டாண்ட்பையை அணைத்துவிடுங்கள். 1/128-க்குக் கீழே போக முடியாது என்பதுதான் உண்மையான குறை. 1/256 இருந்தால் இந்த மேசையில் அது பொன். தண்ணீருக்கு எதிராக எந்தப் பாதுகாப்பும் உடம்பில் இல்லை. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் முந்நூறு வோல்ட் அளவில் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருப்பது. ஜிப் கவரில் போட்டு முகத்தை மட்டும் வெளியே விடுங்கள், நனைந்துவிட்டால் திறந்து பார்க்க முயலவேண்டாம்.

யாருக்கு வேண்டாம்? ஏற்கனவே வீட்டில் வேறு கம்பெனி ஸ்பீட்லைட் ஒன்று, 1/128 மேனுவலோடு இருந்தால் முதலில் அதை வைத்து ஐ.வி. செட்டோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். ஸ்டூடியோ ஃபிளாஷ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அதன் எரியும் நேரத்தைப் பாருங்கள். பழைய வகை ஸ்டூடியோ ஃபிளாஷ்களில் பவரைக் குறைக்கக் குறைக்க எரியும் நேரம் நீளும், ஸ்பீட்லைட்டுக்கு நேர் எதிர். மற்ற எல்லோருக்கும், விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதில் டிடி600 இரண்டு.

வாங்கும்போது பில்லும் வாரண்டி அட்டையும் இந்திய விநியோகஸ்தருடையதா என்று பாருங்கள். கடையிலேயே இரண்டையும் 1/128-இல் வைத்து, ஒன்றைக் கையில் டெஸ்ட் பட்டனால் தொடர்ந்து முப்பது தடவை அடியுங்கள். எஸ்1-இல் இருக்கும் மற்றது முப்பது தடவையும் கூடவே எரிய வேண்டும். இருபத்தெட்டு எரிந்தால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.